நுழைவுத் திரையில் உங்கள் படம் ஒழுங்காக வர: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நெகிரி செம்பிலான் பகாவ் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கணினியில் எந்தப் படத்தை வைக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வகைப் படங்களைத்தான் எடுத்து வருவார்கள். பால்மரத்தடியில் வாளியோடு தாத்தா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். இப்போது இல்லாத லயத்து வாசலில் குடும்பமே வரிசையாக நின்று எடுத்த படம். பிள்ளையின் பட்டமளிப்பு. இந்தப் படங்களை டெஸ்க்டாப்பில் வைக்க யாருக்கும் உதவி தேவைப்படுவதில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையில் வைக்கும்போதுதான் படம் மங்குகிறது, தலை வெட்டுப்படுகிறது, வேறு யாருடைய படமோ வருகிறது, அல்லது ஒன்றுமே வருவதில்லை.

கீழே இருப்பதை முழுதாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

முதலில்: எந்தத் திரை, யாருடைய கணக்கு?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெஸ்க்டாப்புக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. கணினியை எழுப்பியதும் நேரத்தையும் தேதியையும் காட்டுவது பூட்டுத் திரை. ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அது விலகி, நடுவில் உங்கள் பெயரும் கடவுச்சொல் பெட்டியும் வரும். அது நுழைவுத் திரை. இரண்டாவது திரைக்கென்று தனியாகப் படம் தேர்ந்தெடுக்க விண்டோஸ் அமைப்புகளில் இடமில்லை. பூட்டுத் திரைக்குக் கொடுத்த படத்தையே அது எடுத்துக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'லாகின் படம் மாற்றும் இடம்' எங்கே எங்கே என்று தேடி, கடைசியில் ஏதோ ஓர் இலவசக் கருவியை இறக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

படம் வைக்கும் இடம்: செட்டிங்ஸ், அதில் பெர்சனலைசேஷன், அதில் லாக் ஸ்கிரீன். கணினியை மலாய் மொழியில் வைத்திருந்தால் பெயர் வேறாக இருக்கும். பல் சக்கர அடையாளம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

சோதிப்பதற்கு இரண்டு வழிகள், இரண்டும் வேண்டும். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் கணினி உடனே பூட்டிக்கொள்ளும். அப்போது தெரிவது உங்கள் கணக்கின் படம். அடுத்தது ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்து மறுபடி போடுவது அதற்குச் சமமில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதிலிருந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.

பூட்டுத் திரையில் படம் இருக்கிறது, கடவுச்சொல் திரையில் வெறும் நிறம்தான்

லாக் ஸ்கிரீன் பக்கத்தில் கீழே போனால், பூட்டுத் திரைப் படத்தை நுழைவுத் திரையிலும் காட்டு என்று சொல்லும் சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருக்கிறது. போட்டுவிடுங்கள், முடிந்தது. இந்தச் சுவிட்ச் 2016-இல் வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழாப் புதுப்பிப்பிலிருந்து இருக்கிறது.

படம் வருகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

இதற்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரணங்கள் உண்டு. எது என்று கண்டுபிடிக்காமல் கை வைத்தால் நேரம்தான் போகும். விண்டோஸ் விசை, எல் அழுத்துங்கள். பூட்டுத் திரையில் படம் துல்லியமாக இருந்து, விசை தட்டியதும் மங்கினால், மங்கச் செய்வது விண்டோஸ். இரண்டு திரையிலும் மங்கலாக இருந்தால் படமே சிறியது.

விண்டோஸ் செய்யும் மங்கல் 2019 மே மாதப் புதுப்பிப்பில், அதாவது 1903 பதிப்பில் வந்தது. கடவுச்சொல் பெட்டி தெளிவாகத் தெரியட்டும் என்று பின்னணிக்கு உறைந்த கண்ணாடி போன்ற ஒரு பூச்சைப் போட்டார்கள். மலைக்காட்சி வைத்திருப்பவருக்கு அது அழகாக இருக்கலாம். அம்மாவின் முகத்தை வைத்திருப்பவருக்கு அது வேண்டாம்.

எளிய வழி: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், கலர்ஸ் என்று போய் டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ் சுவிட்சை அணையுங்கள். மங்கல் போய்விடும். கூடவே ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் ஒளி ஊடுருவாத திட நிறத்துக்கு மாறும். பழைய மடிக்கணினிக்கு அதுவும் நல்லதே, கிராபிக்ஸ் வேலை கொஞ்சம் குறையும். நான் பெரும்பாலானவர்களுக்கு இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் சொல்வேன்.

கண்ணாடித் தோற்றம் மற்ற இடங்களில் வேண்டும், நுழைவுத் திரையில் மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு அடுத்த வழி. உங்களிடம் இருப்பது ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று இறங்குங்கள். 'ஷோ கிளியர் லாகான் பேக்கிரவுண்ட்' என்று ஒன்று இருக்கும். அதை எனேபிள் செய்யுங்கள்.

ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்ததும் முதல் வேலையாக ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சிஸ்டம் என்ற வரிசையில் உள்ளே போங்கள். சிஸ்டம் என்ற மடிப்பு இல்லை என்றால் விண்டோஸ் மடிப்பின்மேல் வலது சொடுக்கி நீங்களே உருவாக்கலாம். அதனுள் 32 பிட் டிவேர்ட் மதிப்பு ஒன்று புதிதாகப் போட்டு, 'டிசேபிள் அக்ரிலிக் பேக்கிரவுண்ட் ஆன் லாகான்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகப் (DisableAcrylicBackgroundOnLogon) பெயர் கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமில்லை, எழுத்துப்பிழை இருக்கக் கூடாது. மதிப்பு 1. ரீஸ்டார்ட்.

இனி, படமே சிறியது என்ற கதை. படத்தின்மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் பாருங்கள். அகலம் 1920, உயரம் 1080-க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான மடிக்கணினிகளுக்குப் போதும். பழைய 1366க்கு 768 திரைகளுக்கு அது தாராளம். 800, 900 என்று இருந்தால் அதை இழுத்துப் பெரிதாக்கித்தான் விண்டோஸ் காட்டும். மங்காமல் என்ன செய்யும்?

நம் பக்கத்தில் சிறிய படங்களுக்கு முதல் காரணம் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். குடும்பக் குழுவில் கை மாறிக் கை மாறி வந்த படத்தில் அசலின் விவரம் மிஞ்சியிருக்காது. யாரிடம் அசல் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். "அக்கா, அந்தப் படத்த டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா வேணாம்" என்று சொன்னால் போதும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்காமல் அப்படியே வந்து சேரும். ஐஃபோனில் எடுத்த அசல் எச்இஐசி வடிவில் வந்து கணினியில் திறக்காமல் போனால், ஜேபெக்காக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சுப் படமாக மட்டும் இருந்தால் ஸ்கேன் செய்வதே நல்லது. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் 1800க்கு 1200 புள்ளிகள் கிடைக்கும். அந்தக் காலத்து இரண்டுக்கு மூன்று அங்குல ஸ்டூடியோ படம் என்றால் 600 டிபிஐ வையுங்கள், 1200க்கு 1800 வரும். ஸ்கேனர் இல்லையா, கைப்பேசியில் எடுக்கலாம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஐந்தடி நடைபாதை ஓரத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளை விலக்க முடிந்தால் விலக்குங்கள். படம் அதோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக்கோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். கிழிந்துபோனால் திரும்பக் கிடைக்காத படம் அது.

தலை வெட்டுப்படுகிறது, அல்லது முகத்தின்மேல் கடவுச்சொல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது

டெஸ்க்டாப் படத்துக்கு ஃபிட், ஃபில், சென்டர் என்று தேர்வுகள் இருக்கும். பூட்டுத் திரைக்கு அப்படி எதுவும் இல்லை. படத்தைத் திரை நிரம்பும் வரை பெரிதாக்கி, மிஞ்சியதை விண்டோஸ் வெட்டிவிடும். செங்குத்தாக எடுத்த படத்தை அகலமான திரையில் வைத்தால் தலையும் காலும் போய் வயிறு மட்டும் தெரிவது இதனால்தான். இதற்கு எந்தச் சுவிட்சும் இல்லை. படத்தைத்தான் திரைக்கு ஏற்ற மாதிரி முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். கணினியிலேயே இருக்கும் பெயிண்ட் போதும்.

எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நுழைவுத் திரையில் பெயரும் பெட்டியும் நட்டநடுவில் வரும். விண்டோஸ் 10 பூட்டுத் திரையில் நேரம் இடது கீழ்ப்பக்கம், விண்டோஸ் 11-இல் மேலே நடுவில். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால் அவற்றின் பெயர்கள் இடது கீழ் மூலையில் வரும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு முகத்துக்குப் பாதுகாப்பான இடம் திரையின் வலது பக்கம்.

செய்முறை இது. படத்தின் நகல் ஒன்றைப் பெயிண்டில் திறங்கள். ரீசைஸ் கொடுத்து, பிக்சல்ஸ் என்பதைத் தேர்ந்து, அகல உயர விகிதம் மாறக் கூடாது என்ற பூட்டு போட்டிருக்கும் நிலையிலேயே உயரத்தை 1080 ஆக்குங்கள். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. இப்போது கன்ட்ரோல் என் அழுத்திப் புதிய படம் தொடங்குங்கள். பழையதைச் சேமிக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்ட்ரோல் இ அழுத்தி அகலம் 1920, உயரம் 1080 என்று கொடுங்கள். வண்ண வாளியால் முழுவதையும் கருநிறமாகவோ அடர் பழுப்பாகவோ நிரப்புங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அடர் பழுப்பு நன்றாக எடுக்கும். பிறகு கன்ட்ரோல் வி. படம் இடது மேல் மூலையில் வந்து விழும். வேறெங்கும் சொடுக்காமல் அதை அப்படியே பிடித்து வலது ஓரத்துக்கு இழுங்கள். தவறி வெளியே சொடுக்கிவிட்டால் கன்ட்ரோல் இசட் அழுத்தி மறுபடி ஒட்டுங்கள். பிஎன்ஜி ஆகச் சேமித்து அதைப் பூட்டுத் திரைக்குக் கொடுங்கள்.

இரண்டுக்கு மூன்று விகிதத்தில் இருக்கும் ஸ்டூடியோ படம் 1080 உயரத்தில் 720 அகலம்தான் எடுக்கும். 1920 அகலத் திரையில் நடுப்பகுதி முழுதும் காலியாகவே இருக்கும். தாத்தா ஒரு பக்கம் முழு உருவமாக நிற்பார், கடவுச்சொல் பெட்டி அவர் பக்கத்தில் வரும். இதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலையைச் சலிக்காமல் செய்கிறேன்.

குடும்பமே நிற்கும் கூட்டப் படத்துக்கு இந்த வழி சரிவராது. நடுவில் நிற்பவர் எப்படியும் பெட்டிக்குப் பின்னால் போவார், அவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். அந்தப் படத்தைப் பூட்டுத் திரையோடு நிறுத்தி, நுழைவுத் திரையிலும் காட்டு என்ற சுவிட்சை அணைத்து, நுழைவுத் திரையை வெறும் நிறமாகவே விட்டுவிடலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

இன்னொன்று. இந்தத் திரையைக் கடவுச்சொல் தெரியாதவரும் பார்ப்பார். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளிப் பெயர் தெரியும் சான்றிதழ் எதையும் படத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

மாற்றவே விடவில்லை, எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது

பக்கத்தின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இரண்டில் ஒன்று இருக்கும்.

விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று இருந்தால், உரிமம் சரியாக ஏற்றப்படவில்லை. செகண்ட் ஹேண்ட் கணினிகளில் இது சகஜம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் நிலையைப் பாருங்கள். விற்றவரிடம் உரிமத்தோடு கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் கருவிகளைத் தொடாதீர்கள். தீநிரல் நுழைய அதைவிட அகலமான வாசல் வேண்டாம், அதே கணினியில்தான் நாளைக்கு வங்கிக் கணக்கையும் திறக்கப் போகிறீர்கள்.

சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று இருந்தால், கொஞ்சம் யோசிக்க வேண்டும். கணினி உண்மையிலேயே அலுவலகத்துடையதா, பள்ளியுடையதா? அப்படியென்றால் படத்தைப் பூட்டியது அதன் நிர்வாகி. அவரிடம் கேளுங்கள், குறுக்கு வழி தேடாதீர்கள். சொந்தக் கணினியில் இப்படி வந்தால், முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் பாருங்கள். வேலைக்கோ கல்லூரிக்கோ உரிய கணக்கு அங்கே இணைந்திருக்கலாம். டீம்ஸ் போன்ற செயலியில் முதல்முறை நுழையும்போது, என் சாதனத்தை நிறுவனம் நிர்வகிக்க அனுமதி என்று ஒரு பெட்டி முன்கூட்டியே டிக் போட்டபடி வரும். அதைக் கவனிக்காமல் சரி கொடுத்திருப்பார்கள். அந்தக் கணக்கைத் துண்டித்து, மறுபடி நுழையும்போது டிக்கை எடுத்துவிட்டு, இந்தச் செயலியில் மட்டும் நுழைகிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். துண்டிப்பதற்கு முன் அந்தக் கணக்கோடு சேர்ந்த கோப்புகள் வேறெங்கும் நகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால், ஒரு நிறுவனம் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினியாக இருக்கலாம். பழைய கட்டளைகள் ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சியிருக்கும். மேலே மங்கல் பகுதியில் சொன்ன அதே பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் வரிசையில் பெர்சனலைசேஷன் என்ற மடிப்பு இருந்தால், அதில் 'நோ சேஞ்சிங் லாக் ஸ்கிரீன்', 'லாக் ஸ்கிரீன் இமேஜ்' என்ற பெயர்களில் மதிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகல் எடுத்துவிட்டு அவற்றை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் பூட்டு திறக்கும். என் விருப்பம் வேறு: செகண்ட் ஹேண்ட் கணினி என்றால் உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு முழுதாக ரீசெட் செய்துவிடுங்கள். வேறு என்னென்ன மிஞ்சியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரீசெட் செய்த பிறகும் ஒரு கம்பெனிப் பெயரோடு நுழையச் சொல்லித் திரை வந்தால், அந்தக் கணினி இன்னும் அவர்கள் பதிவிலேயே இருக்கிறது. நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, விற்றவரிடம் திருப்பிக் கொண்டு போங்கள்.

"அண்ணே, நான் வச்சது ஒண்ணு, காலைல வர்றது தம்பி படம்!"

கணினி பழுதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிப் பூட்டுத் திரைப் படம். கணினியைப் புதிதாகப் போடும்போது, கடைசியாக யார் நுழைந்தாரோ அவர் படம் முன்னால் வரும். இரவு தம்பி விளையாடிவிட்டுப் போயிருப்பான். வீட்டுக்கு ஒரே படம் வேண்டும் என்றால், ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து அதே படத்தை வையுங்கள். படத்தை எல்லோரும் திறக்கக்கூடிய பப்ளிக் பிக்சர்ஸ் மடிப்பில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஸ்பாட்லைட் படம் மாறவே மாட்டேன் என்கிறது

விண்டோஸ் ஸ்பாட்லைட் இணையத்திலிருந்து படங்களை இறக்கும். தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். அந்த இணைப்பு மீட்டர்ட் என்று குறிக்கப்பட்டிருந்தால், டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காகப் படங்கள் இறங்காமல் நிற்கலாம். டேட்டா அளவோடு இருப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சொந்தப் படம் ஒன்றை வைப்பது மேல். அளவில்லா இணைப்பு என்றால் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்ட் சுவிட்சை அணையுங்கள். பிறகு லாக் ஸ்கிரீனைப் பிக்சருக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஸ்பாட்லைட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

பழைய மேசைக் கணினியில் தேதியையும் பாருங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் ஊரில், மெயின் சுவிட்சையே அணைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அப்படி வைக்கும்போது உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி செத்துப் போயிருந்தால், ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்புகள் தோற்றுப்போகும், படமும் இறங்காது. சில ரிங்கிட் பேட்டரி அது, மாற்றிவிடுங்கள்.

ஸ்லைடு ஷோ ஓடவில்லை

படங்கள் பென்டிரைவில் இருந்தால் கணினிக்கு நகலெடுங்கள். பென்டிரைவைக் கழற்றியதும் ஸ்லைடு ஷோவுக்கு மடிப்பே இருக்காது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருந்தால் அவை கணினியில் இறங்கியிருக்கின்றனவா பாருங்கள். மின்கம்பி கழற்றினால் மட்டும் நிற்கிறது என்றால், பேட்டரியில் ஓடும்போதும் காட்டு என்ற தேர்வு அணைந்திருக்கிறது.

படத்தின்மேல் வானிலை, குறிப்புகள் என்று எழுத்துகள்

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் பூட்டுத் திரையின் கீழே வானிலை, பங்குச் சந்தை அட்டைகள் வருகின்றன. லாக் ஸ்கிரீன் பக்கத்தில் ஸ்டேட்டஸ் அல்லது விட்ஜெட்ஸ் என்றிருப்பதை அணைத்தால் போகும். குறிப்புகளும் துணுக்குகளும் வருவதற்குத் தனி டிக் பெட்டி அதே பக்கத்தில் உண்டு, அதையும் எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் மின்ட்: படம் கொடுத்தேன், வரவில்லை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத நல்ல கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது இப்போது நடக்கிறது. நானும் அதை ஆதரிப்பவன். அதில் லாகின் விண்டோ என்றே ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. நுழைவுத் திரைக்குத் தனிப்படம் கொடுக்கலாம், இந்த விஷயத்தில் மின்ட் விண்டோஸைவிடப் பெருந்தன்மையானது.

இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று, டிரா யூசர் பேக்கிரவுண்ட்ஸ் என்ற தேர்வு போட்டிருந்தால், பயனரின் டெஸ்க்டாப் படம் வந்து நீங்கள் கொடுத்ததை மறைத்துவிடும். அணையுங்கள். இரண்டாவது, கோப்பு அனுமதி. நுழைவுத் திரை ஓடும்போது நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லை. அந்தத் திரையை வேறொரு கணினிக் கணக்கு இயக்குகிறது. உங்கள் ஹோம் மடிப்பு மற்றவர்களுக்குப் பூட்டியிருந்தாலோ மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, உள்ளே இருக்கும் படத்தை அதனால் படிக்க முடியாது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் மடிப்புகள் இப்படிப் பூட்டியே வருகின்றன. தீர்வு ஒன்றுதான். கோப்பு மேலாளரில் ஓப்பன் ஆஸ் ரூட் கொடுத்து, யூஎஸ்ஆர், ஷேர், பேக்கிரவுண்ட்ஸ் மடிப்புக்குள் படத்தை நகலெடுங்கள். அதன் அனுமதிப் பக்கத்தில் மற்றவர்களுக்குப் படிக்க மட்டும் என்று வைத்து, லாகின் விண்டோவில் அந்த நகலைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் 7

ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இணையத்தில் இணைக்காமல் கணக்கு எழுதவோ பாட்டுக் கேட்கவோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: அதில் நுழைவுப் படத்தின் கோப்பு அளவு 256 கேபிக்குள் இருக்க வேண்டும். மீறினால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் பழைய நீலப் படமே வரும். படத்தின் தரத்தைக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்துப் பாருங்கள்.

ஏதோ ஒரு கருவியைப் போட்டேன், இப்போது நுழைவுத் திரையே கறுப்பு

லாகின் படம் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில கருவிகள் விண்டோஸின் சொந்தக் கோப்புகளையே திருத்திவிடுகின்றன. அடுத்த புதுப்பிப்பு வந்ததும் திருத்திய கோப்பும் புதிய விண்டோஸும் ஒத்துப்போகாமல் திரை வெறிச்சோடும். பதறாதீர்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். வெறும் கிராபிக்ஸ் கோளாறு என்றால் படம் உடனே வந்துவிடும். வரவில்லையா, கண் தெரியாமலே நுழைந்து பாருங்கள். ஸ்பேஸ் தட்டி, சில நொடி விட்டு, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். டெஸ்க்டாப் வந்தால் அந்தக் கருவியை நீக்கிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, எஸ்எஃப்சி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஸ்கேன்நவ் என்று (sfc /scannow) கொடுங்கள். சேதமான விண்டோஸ் கோப்புகளை அது தேடிச் சரிசெய்யும். பழைய கணினியில் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

டெஸ்க்டாப்பும் வரவில்லை என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரெஸ்டோர் என்று போய், கருவியைப் போடுவதற்கு முந்தைய தேதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்ட மடிக்கணினி இந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த கணினி என்றால், கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து சாதனங்கள் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

ரெஸ்டோர் தேதி எதுவும் இல்லை என்றால் அதே இடத்தில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடில் நுழைந்து கருவியை நீக்கிப் பாருங்கள். அதுவும் முடியாமல் கடைக்குக் கொண்டு போகிறீர்கள் என்றால், கணினியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற படமெல்லாம் எடுத்து வெளிய வைங்க." அதை வேலைச் சீட்டிலும் எழுதச் சொல்லி, ஒரு நகல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.